ஆபீஸ் சாஃப்ட்வேர் ஏறவில்லையா? பதறாமல் பழுது பார்ப்போம்!

(இறுதியாண்டு மாணவி, கணினிப் பொறியியல் பட்டயப் படிப்பு)



புரோகிராம் எழுதுவது, நெட்வொர்க் அமைப்பது, மதர்போர்டைக் கழற்றி மாட்டுவது எல்லாம் நமக்குப் பாடமாக வருகிறது. ஆனால் ஒரு வேர்டு அல்லது ரைட்டர் மென்பொருளைப் பழைய பதிப்பிலிருந்து புதிய பதிப்புக்கு மாற்றும்போது, பாதியில் நின்றுபோனால் என்ன செய்வது என்று நான் படித்த எந்த யூனிட்டிலும் இல்லை. வேலைக்குப் போன இடத்தில் மட்டும், "நீ கம்ப்யூட்டர் டிப்ளமாதானே, இதைக் கொஞ்சம் பாரு" என்று முதலில் நீட்டுவது இதைத்தான்.

இதை அற்ப விஷயம் என்று நினைக்க வேண்டாம். நம்முடைய புராஜெக்ட் ரிப்போர்ட், ஒரு கடையின் கணக்கு, ஒரு அலுவலகத்தின் கடிதங்கள் எல்லாம் இந்த மென்பொருளுக்குள்தான் இருக்கின்றன. நம்மில் பலருக்கு வீட்டில் கணிப்பொறி கிடையாது, லேப்தான் கதி. அந்த லேபில் ரிப்போர்ட் திறக்கவில்லை என்றால் மூன்று வருடப் படிப்பின் கடைசி மார்க்கே ஆட்டம் காணும். ஆகவே, நான் லேபிலும் விடுமுறையில் வேலை பார்த்த ஒரு டைப்பிங் சென்டரிலும் கற்றுக்கொண்டதை முறைப்படுத்தி இங்கே எழுதுகிறேன்.

1. இன்ஸ்டால் செய்யும்போது உள்ளே என்ன நடக்கிறது?

செட்டப்பை டபுள் கிளிக் செய்து "நெக்ஸ்ட், நெக்ஸ்ட்" என்று தட்டுகிறோம். உள்ளே நான்கு வேலைகள் நடக்கின்றன.

அ) புரோகிராம் ஃபைல்கள் சி டிரைவில் பதிகின்றன.
ஆ) எந்த ஃபைல் எங்கே இருக்கிறது, எந்த வகை ஆவணத்தை யார் திறப்பது என்ற விவரம் விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் எழுதப்படுகிறது.
இ) பல புரோகிராம்கள் பொதுவாகப் பயன்படுத்தும் பாகங்கள் பதிவு செய்யப்படுகின்றன.
ஈ) முதன்முறை திறக்கும்போது, பயன்படுத்துபவருடைய சொந்த அமைப்புகளுக்கு ஒரு தனி ஃபோல்டர் உருவாகிறது. இதற்கு யூசர் புரொஃபைல் என்று பெயர். இது புரோகிராம் ஃபோல்டரில் இருக்காது.

இந்த நாலாவதை நன்றாக மனதில் வையுங்கள். மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி போட்டாலும் யூசர் புரொஃபைல் அப்படியே இருக்கும். "மூணு தடவை அன்இன்ஸ்டால் பண்ணிப் போட்டுட்டேன், அதே எரர்தான் வருது" என்று நண்பர்கள் புலம்புவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். பழுது புரொஃபைலில்; வைத்தியம் புரோகிராமுக்கு!

ஆக, எந்தப் பிரச்சினை வந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: ஏறவே மறுக்கிறதா? ஏறிவிட்டுத் திறக்க மறுக்கிறதா? திறந்துவிட்டு நம் ஃபைலைத் தவறாகக் காட்டுகிறதா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

2. கையை வைப்பதற்கு முன்

ஐந்து விஷயங்களை நோட்டில் எழுதிக்கொண்ட பிறகே செட்டப்பைத் தொட வேண்டும்.

முதலாவது, விண்டோஸ் பதிப்பு. எல்லா ஆபீஸும் எல்லா விண்டோஸிலும் ஏறாது. ஆபீஸ் 2016, விண்டோஸ் 7-லும் ஏறும். ஆபீஸ் 2019-க்கு விண்டோஸ் 10 வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸில், 2025-ல் வந்த 25.8 பதிப்பு முதல் விண்டோஸ் 7, 8, 8.1 ஆகியவற்றில் ஏறாது. பழைய கணிப்பொறியில் புதிய செட்டப் ஏறவில்லை என்றால் அது பழுது அல்ல, பொருத்தமின்மை. அதே சமயம், விண்டோஸ் 10, ஆபீஸ் 2016, ஆபீஸ் 2019 மூன்றுக்குமே மைக்ரோசாஃப்ட் தன் வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. அதனால்தான் எங்கே பார்த்தாலும் "அப்கிரேடு பண்ணணும்" என்ற பேச்சு.

இரண்டாவது, 32 பிட்டா, 64 பிட்டா? இதைத் தனியாகப் பார்ப்போம்.

மூன்றாவது, இடம். ஆபீஸ் 2019-க்கு 4 ஜிபி டிஸ்க் இடம் கேட்கிறார்கள். செட்டப் விரியும்போது டெம்ப் ஃபோல்டரிலும் இடம் தேவை. எனவே அதைப்போல் இரண்டு மடங்காவது காலியாக இருப்பது நல்லது.

நான்காவது, அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை. லேபில் மாணவர் லாகினில் இருந்துகொண்டு செட்டப் ஓட்டினால் அது நம்மைத் திருப்பி அனுப்பிவிடும்.

ஐந்தாவது, காப்பி. ஆவணங்களை மட்டும் காப்பி எடுத்தால் போதாது. பயன்படுத்திய ஃபான்ட்டுகள், டெம்ப்ளேட், சொந்தமாகச் சேர்த்த அகராதிச் சொற்கள், மேக்ரோக்கள் ஆகியவற்றையும் பென்டிரைவில் எடுக்க வேண்டும். மென்பொருளை நாளைக்கும் இறக்கிக்கொள்ளலாம். பத்து வருடமாகச் சேர்த்த டெம்ப்ளேட்டை எங்கே போய் இறக்குவது?

3. 32-ம் 64-ம் சேராது

32 பிட் முகவரியால் சுட்டக்கூடிய இடம் 2-ன் அடுக்கு 32, அதாவது 4 ஜிபி. 64 பிட்டில் இந்தக் கட்டு இல்லை. பெரிய எக்செல் ஃபைல்களுக்கு 64 பிட் நல்லதுதான்.

ஆனால் ஒரு 64 பிட் புரோகிராமுக்குள் 32 பிட் பாகம் எதையும் நேரடியாக ஏற்ற முடியாது. அதனால் எக்செல்லோடு ஒட்டிக்கொண்டு ஓடும் பழைய ஆட்-இன் எல்லாம் 64 பிட் ஆபீஸ் வந்ததும் ஊமையாகிவிடும். கடைக்காரர் "புது ஆபீஸ் சரியில்லப்பா" என்பார். ஆபீஸ் சரியாகத்தான் இருக்கிறது; ஆட்-இன்னுக்கும் அதே பிட் பதிப்பு வேண்டும், அவ்வளவுதான்.

அதேபோல் ஒரே கணிப்பொறியில் 32 பிட் மைக்ரோசாஃப்ட் ஆபீஸும் 64 பிட் ஆபீஸும் சேர்ந்து இருக்காது. பழையது 32 பிட்டில் இருக்க, புதியதை 64 பிட்டில் போட முயன்றால் செட்டப் நின்றுவிடும். பழையதை முழுக்க நீக்க வேண்டும். அல்லது புதியதையும் 32 பிட்டிலேயே போட வேண்டும். என்ன பிட் என்று அறிய, வேர்டில் ஃபைல், அக்கவுன்ட், அபவுட் என்று போனால் மேல் வரியிலேயே எழுதியிருக்கும். விண்டோஸுக்கு செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட்.

4. எரர் எண் ஒரு துப்பு

எரர் பெட்டி வந்தவுடன் "ஓகே" தட்டி மூடிவிடுவது நம் பழக்கம். அதில் இருக்கும் எண்தான் நமக்கு வேண்டியது. விண்டோஸ் இன்ஸ்டாலர் தரும் சில எண்களும் பொருளும்:

1602 – பயன்படுத்துபவரே கேன்சல் செய்துவிட்டார்.
1603 – இன்ஸ்டால் தோல்வி (காரணம் சொல்லாது).
1612 – மூல செட்டப் ஃபைல் கிடைக்கவில்லை.
1618 – வேறொரு இன்ஸ்டால் ஓடிக்கொண்டிருக்கிறது.
1633 – இந்த வகைக் கணிப்பொறிக்கு இந்த செட்டப் பொருந்தாது (32 பிட் விண்டோஸில் 64 பிட் செட்டப் போன்றவை).
1638 – இதே மென்பொருளின் வேறு பதிப்பு ஏற்கெனவே இருக்கிறது.
3010 – வெற்றி! ரீஸ்டார்ட் மட்டும் பாக்கி.

கடைசி எண்ணைக் கவனியுங்கள். 3010-ஐத் தோல்வி என்று நினைத்து மறுபடி மறுபடி செட்டப்பை ஓட்டுபவர்கள் உண்டு. ஒரு ரீஸ்டார்ட் போட்டால் வேலை முடிந்தது.

1618 வந்தால் பின்னணியில் விண்டோஸ் அப்டேட் எதையாவது ஏற்றிக்கொண்டிருக்கலாம். விண்டோஸ் இன்ஸ்டாலர் ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் செய்யும். ரேஷன் கடை வரிசை மாதிரி, முன்னால் நிற்பவர் முடித்தால்தான் நம் முறை. கொஞ்சம் பொறுத்து, ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் போய் அதைக் கொல்லாதீர்கள். பாதி ஏறிய அப்டேட் அதைவிடப் பெரிய தலைவலி.

1603-தான் எல்லோரையும் அழவைக்கும் எண். உரிமை இல்லாத ஃபோல்டர், என்கிரிப்ட் செய்த ஃபோல்டர், மற்றொரு புரோகிராம் பிடித்துவைத்திருக்கும் ஃபைல் என்று எதுவாகவும் இருக்கலாம். இதற்கு லாக் எழுதச் சொல்லி செட்டப்பை ஓட்ட வேண்டும். அந்த லாக் ஃபைல் ஆயிரக்கணக்கான வரி இருக்கும். பயப்பட வேண்டாம். அதில் "ரிட்டர்ன் வேல்யூ 3" என்ற ஆங்கிலச் சொற்றொடரைத் தேடுங்கள். அதற்கு மேலே உள்ள பத்துப் பதினைந்து வரிகளில் உண்மையான காரணம் இருக்கும். எரர் பெட்டி சொல்லாததை லாக் சொல்லும்.

இந்த எண்கள் எம்எஸ்ஐ வகை செட்டப்புகளுக்கு உரியவை. விண்டோஸுக்கான லிப்ரே ஆபீஸ் இந்த வகைதான். மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் 2019 முதல் கிளிக்-டு-ரன் என்ற வேறு முறையில் வருகிறது. அதில் கோளாறு என்றால் புரோகிராம் பட்டியலில் ஆபீஸைத் தேர்ந்து "மாடிஃபை" கொடுத்தால் இரண்டு வழிகள் காட்டும். குவிக் ரிப்பேர், இன்டர்நெட் இல்லாமலே உள்ளிருக்கும் ஃபைல்களைச் சரிபார்க்கும். ஆன்லைன் ரிப்பேர், எல்லாவற்றையும் புதிதாக இறக்கிப் போடும். முதலில் குவிக், அதில் தீராவிட்டால் ஆன்லைன். இதுவே வரிசை.

5. இடம் பண்ணப் போய் வந்த வினை

ஒரு லேபில் சி டிரைவ் நிரம்பிவிட்டது என்று யாரோ விண்டோஸ் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் "இன்ஸ்டாலர்" என்ற ஃபோல்டரைக் காலி செய்துவிட்டார்கள். பல ஜிபி இடம் கிடைத்தது. எல்லாம் நன்றாகவே ஓடியது. சில மாதம் கழித்து அப்கிரேடு போட்டபோதுதான் ஒவ்வொரு மெஷினாக 1612 காட்டியது. பழையதை நீக்கவும் முடியவில்லை, புதியதை ஏற்றவும் முடியவில்லை. புராஜெக்ட் ரிப்போர்ட் அடிக்கும் சமயம் வேறு. இருந்த நாலைந்து நல்ல மெஷினுக்கு நாங்கள் டோக்கன் போட்டு உட்கார வேண்டியதாயிற்று.

காரணம் இதுதான். எம்எஸ்ஐ முறையில் ஏறிய ஒவ்வொரு மென்பொருளின் செட்டப்புக்கும் ஒரு நகலை விண்டோஸ் அந்த ஃபோல்டரில்தான் வைத்திருக்கிறது. ரிப்பேர், அன்இன்ஸ்டால், அப்கிரேடு மூன்றுக்கும் அந்த நகல் வேண்டும். அது குப்பை அல்ல. வீட்டுப் பத்திரம் மாதிரி.

லேப் சார் சரி செய்த விதம்: ஏற்கெனவே இருந்த அதே பதிப்பின் பழைய செட்டப்பைத் தேடி எடுத்து, அதை வைத்து ரிப்பேர் ஓட்டினார். நகல் மீண்டும் உருவானது. பிறகு புதியது ஒழுங்காக ஏறியது. அதற்கும் மசியாத இரண்டு மெஷின்களில், மைக்ரோசாஃப்ட் தரும் இன்ஸ்டால்-அன்இன்ஸ்டால் ட்ரபிள்ஷூட்டரைக் கொண்டு பழைய பதிவை நீக்கினார். இதிலிருந்து பாடம்: எந்த மென்பொருளைப் போட்டாலும் அதன் செட்டப் ஃபைலை ஒரு இடத்தில் பத்திரமாக வையுங்கள். இடம் வேண்டுமென்றால் விண்டோஸின் டிஸ்க் கிளீனப் மூலம் மட்டும் காலி செய்யுங்கள்.

6. ஏறிவிட்டது, திறக்கவில்லை

லோகோ வருகிறது, மறைகிறது. அல்லது வெள்ளைத் திரையோடு ஸ்டக் ஆகிறது. இங்கே புரொஃபைல் அல்லது ஆட்-இன் மேல்தான் சந்தேகம் வர வேண்டும்.

வேர்டு, எக்செல் என்றால் கண்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டே ஐகானைத் திறங்கள். சேஃப் மோடில் திறக்கவா என்று கேட்கும். சேஃப் மோடில் நன்றாகத் திறந்தால், குற்றவாளி ஆட்-இன் அல்லது டெம்ப்ளேட். ஆட்-இன்களை எல்லாம் அணைத்துவிட்டு, ஒவ்வொன்றாக இயக்கிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். வீட்டில் ஃப்யூஸ் போனால் ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பார்ப்பது போலத்தான்.

லிப்ரே ஆபீஸ் என்றால், ஸ்டார்ட் மெனுவிலேயே சேஃப் மோடு இருக்கிறது. அதிலும் தீராவிட்டால் அப்டேட்டா ரோமிங் ஃபோல்டருக்குள் லிப்ரே ஆபீஸ், அதற்குள் 4, அதற்குள் "யூசர்" என்ற ஃபோல்டரைக் காண்பீர்கள். அதை அழிக்காதீர்கள். பெயரை மட்டும் "யூசர் பழையது" என்று மாற்றுங்கள். மறுபடி திறக்கும்போது புது புரொஃபைல் பிறக்கும். சரியாகிவிட்டால் பழைய ஃபோல்டரிலிருந்து அகராதியையும் ஆட்டோடெக்ஸ்டையும் மட்டும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். பதிப்பு எண் 7, 24, 25 என்று மாறினாலும் அந்த ஃபோல்டர் பெயர் 4-ஆகவே நிற்கிறது. அதனால்தான் பழைய பதிப்பின் கோளாறு புதிய பதிப்புக்கும் தொற்றிக்கொண்டு வருகிறது.

7. திறக்கிறது, தமிழைக் காணோம்!

இது நம் ஊர்ப் பிரச்சினை. நான் வேலை பார்த்த டைப்பிங் சென்டர் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே பழைய கணிப்பொறி படுத்துவிட, அக்கா புது கணிப்பொறியும் புது ஆபீஸும் வாங்கினார்கள். பழைய ஹார்டு டிஸ்கில் இருந்த பத்திர நகல்களைத் திறந்தால் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடந்தது. "இத்தனை வருஷ ஃபைலும் போச்சேம்மா. நாளைக்கு பார்ட்டி வந்து நிப்பாங்களே" என்று அக்கா தலையில் கை வைத்துவிட்டார்கள். அவர்களுக்கு அது வெறும் ஃபைல் இல்லை, பிழைப்பு.

"ஒண்ணும் போகலைக்கா, ஃபான்ட்டுதான் வரலை" என்றேன். விளக்கம் இதோ. பாமினி போன்ற பழைய ஃபான்ட்டுகளில் ஆங்கில எழுத்துகளின் எண்களிலேயே தமிழ் வடிவத்தை வரைந்து வைத்திருக்கிறார்கள். சின்ன எம் எழுத்தின் எண் 109. பாமினியில் அந்த எண்ணுக்கு "அ" என்ற வடிவம். ஃபைலில் சேமிக்கப்படுவது 109 மட்டுமே. ஃபான்ட் இல்லாத கணிப்பொறி அதை எம் என்றுதான் காட்டும். யூனிகோடில் "அ"-வுக்கு என்றே 2949 என்ற தனி எண் உண்டு. அதனால் எந்தக் கணிப்பொறியிலும் அது "அ"-தான்.

ஆபீஸை அப்கிரேடு செய்தாலும் ஃபான்ட் தானாக வந்துவிடாது. பழைய ஹார்டு டிஸ்கில் விண்டோஸுக்குள் ஃபான்ட்ஸ் என்ற ஃபோல்டரிலிருந்து அந்த ஃபான்ட் ஃபைல்களை எடுத்து, புதியதில் இன்ஸ்டால் செய்தேன். வேர்டை மூடித் திறந்ததும் பத்திரங்கள் எல்லாம் பழையபடி வந்து நின்றன. அக்கா முகத்தில் உயிர் வந்தது.

ஆனால் இது முதலுதவிதான். நிரந்தர வைத்தியம், முக்கிய ஃபைல்களை யூனிகோடுக்கு மாற்றுவது. தமிழக அரசு 1999-ல் டாம், டாப் என்ற குறியீடுகளை அறிவித்தது. 2010-ல் யூனிகோடையும் டேஸ் 16-ஐயும் ஏற்றது. ஆகவே ஒரே அலுவலகத்தில் மூன்று காலத்து ஃபைல்கள் இருக்கலாம். மாற்றும் முன் எந்த ஃபான்ட் என்று பார்த்து, அதற்குரிய கன்வர்ட்டரைப் பயன்படுத்த வேண்டும். மாற்றிய பிறகு பெயர், சர்வே எண், தொகை மூன்றையும் பழைய பிரின்டோடு ஒப்பிட வேண்டும். பத்திரத்தில் ஓர் எழுத்து மாறினாலும் சண்டைதான்.

8. பழைய ஃபைல், புதிய பதிப்பு

மூன்று எச்சரிக்கைகள்.

சமன்பாடுகள்: பழைய வேர்டில் இருந்த ஈக்வேஷன் எடிட்டர் 3.0-ஐப் பாதுகாப்புக் குறை காரணமாக மைக்ரோசாஃப்ட் 2018 ஜனவரியில் நீக்கிவிட்டது. சீனியர் தந்த பழைய ரிப்போர்ட்டில் உள்ள சூத்திரங்கள் படமாகத் தெரியும், திருத்த வராது. புதிய ஈக்வேஷன் வசதியில் திரும்ப அடிப்பதே நல்லது. இதைக் கடைசி நாளில் கண்டுபிடிக்காதீர்கள்.

வரிசைகள்: பழைய எக்ஸ்எல்எஸ் ஃபைலில் 65,536 வரிசைகள்தான் (2-ன் அடுக்கு 16). 2007-ல் வந்த எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வகையில் 10,48,576 (2-ன் அடுக்கு 20). மென்பொருளைப் புதுப்பித்துவிட்டு, ஃபைல் வகையைப் பழையதாகவே விட்டால் பழைய எல்லையே தொடரும். 2020-ல் இங்கிலாந்தில் பழைய எக்ஸ்எல்எஸ் வகையின் எல்லை தாண்டியதால் செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 கொரோனா நோயாளிகளின் விவரம் கணக்கில் சேராமல் போனது. அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலையும் தாமதமானது. ஒரு ஃபைல் வகை மனித உயிரோடு விளையாடும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

பக்க அமைப்பு: வீட்டில் ஒரு பதிப்பு, லேபில் ஒரு பதிப்பு, பிரின்ட் கடையில் ஒரு பதிப்பு என்றால் பக்கம் தள்ளிப்போகும். காலிப்ரி ஃபான்ட் இல்லாத இடத்தில் அதே அகலமுள்ள கார்லிட்டோ இருந்தால் வரிகள் கலையாது. பிரின்ட்டுக்குப் போகும்போது எப்போதும் பிடிஎஃப் ஆக்கியே கொண்டு போங்கள்.

9. திருட்டுக் காப்பி பற்றி ஒரு வார்த்தை

"கிராக் போட்டா ஃப்ரீ மச்சி" என்பவர்கள் எல்லா வகுப்பிலும் உண்டு. கிராக் ஓட்ட வேண்டுமென்றால் ஆன்டி வைரஸை அணைக்கச் சொல்வார்கள். கதவைத் திறந்து வைத்துவிட்டுத் திருடனைக் கூப்பிடுவது வேறு எப்படி? மேலும் கிராக் செய்த ஆபீஸின் ஃபைல்கள் மாற்றப்பட்டிருப்பதால் ரிப்பேரும் அப்டேட்டும் ஒழுங்காக நடக்கும் என்று நம்ப முடியாது. காசு இல்லை என்பது நமக்கு வெட்கமல்ல. 2010-ல் ஓபன் ஆபீஸிலிருந்து பிரிந்து வந்த லிப்ரே ஆபீஸ் முறையாகவே இலவசம். புராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு அது தாராளமாகப் போதும்.

முடிவுரை

நண்பர்களே, சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் காப்பி எடு. எரர் எண்ணை எழுது. ஏறவில்லையா, திறக்கவில்லையா, தவறாகக் காட்டுகிறதா என்று பிரி. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய். செய்ததை நோட்டில் குறி. எதையும் அழிக்காதே, பெயர் மாற்று. ஃபார்மட் போடுவது கடைசி வழி. பலர் அதை முதல் வழியாக்கிவிடுகிறார்கள்.

கணிப்பொறி முன்னால் கைகட்டி நிற்கும் ஒருவருக்கு "உங்க ஃபைல் பத்திரமா இருக்கு" என்று சொல்ல முடிவது, நம் டிப்ளமாவுக்குக் கிடைக்கும் நல்ல மரியாதை. அந்த மரியாதையை நாம் எல்லோரும் பெற வேண்டும் என்று வாழ்த்தி முடிக்கிறேன்.